நாசகாரி விரித்த வலை

பாறசாலையில் பஸ் ஏறி களியக்காவிளையைத் தாண்டினால் நாகர்கோவில் நாற்பது கிலோமீட்டருக்குள். 1956 நவம்பர் 1ல் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது, நாகர்கோவில் தமிழகத்துக்கு வந்தது. அதற்கு முன் எல்லாம் திருவிதாங்கூர்தான். அந்தத் திருவிதாங்கூரின் நாகர்கோவிலில் 1919ல் பிறந்தவர் நீலகண்ட கிருஷ்ணன். 1971 போரின்போது கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதி. எல்லையின் இரு பக்கத்தாரும் 'நம்ம ஆள்' என்று உரிமை கொண்டாட இடமுண்டு.

அவர் வைத்த தூண்டிலில் புழுவாக மாட்டப்பட்டது ஒரு கிழட்டு பிரிட்டிஷ் கப்பல். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில், ஜான் பிரவுன் தளத்தில் கட்டப்பட்டு 1942ல் கடலில் இறங்கியபோது அதன் பெயர் ரொதர்ஹாம். டிஸ்ட்ராயர் ரகம். (அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகள் நாசகாரிக் கப்பல் என்று எழுதின. இன்றைய 'அழிப்புக் கப்பலில்' அந்தக் கடுமை இல்லை.) அட்லாண்டிக்கில் காவல் பணி, பிறகு இந்துமாக்கடல். 1945 செப்டம்பரில் சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்குள் நுழைந்தது. தளத்தின் வாயில் ஒன்றுக்கு அதன் பெயரையே வைத்தார்கள். 1949ல் இந்தியாவிடம் வந்து ஐ.என்.எஸ். ராஜ்புத் ஆயிற்று.

1971ல் அது ஓய்வை எதிர்பார்த்திருந்த கப்பல். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியோ விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்குள் வந்துவிட்டது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார். விசாகப்பட்டினத்துக்கு அப்பால் ராஜ்புத்தை நிறுத்தி, விக்ராந்த் பேசுவதுபோல் வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேசவைத்தார். மாலுமி ஒருவர் தாயின் உடல்நிலையை விசாரிப்பதாக ஒரு தந்தி, சங்கேதம் இல்லாமலே போனது. விக்ராந்த் வரப்போகிறது என்று ஒப்பந்தக்காரர்கள் நம்பும்படி இறைச்சிக்கும் காய்கறிக்கும் பெரிய ஆர்டர்கள். 'எ செய்லர்ஸ் ஸ்டோரி' என்ற தன் நூலில் அவரே இதையெல்லாம் விவரித்திருக்கிறார். காய்கறிக் கடையை நம்பி உளவு பார்க்கிறவன் ஏமாறத்தான் செய்வான்!

ஆனால் தூண்டில் புழுவுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. கேப்டன் இந்தர் சிங். நீரில் ஏதோ கலக்கம் தெரிய, ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டுவிட்டு விரைந்தார். சற்று நேரத்தில் பெரும் வெடிச்சத்தம் கரையையே உலுக்கியது. காஸியில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மூழ்கடித்தது ராஜ்புத்தா? ஆம் என்கிறது இந்தியா. உள்வெடிப்பு அல்லது தான் புதைத்த கண்ணிவெடியே காரணம் என்கிறது பாகிஸ்தான். எப்படியானாலும் இல்லாத விக்ராந்தைத் தேடித்தான் காஸி அந்த வாசலுக்கு வந்தது. அந்தப் பெருமையை ராஜ்புத்திடமிருந்து பறிக்க முடியாது.

1976ல் கப்பல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. 1980ல் சோவியத் கப்பல் ஒன்று அதே பெயரில் வந்து, 2021 மே மாதம்வரை ஓடியது.