ஒரே பெயர், இரண்டு நோய்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைய உண்டு. கறுவா, ஏலம், மிளகு என்று காட்டிக்கொண்டே எது எந்த வருத்தத்துக்கு நல்லது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்தப் பேச்சில் சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், வரும். ஆனால் சீனி வருத்தம் என்ற ஒரே பெயருக்குள் இருப்பவை இரண்டு வேறு நோய்கள். அவற்றைக் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டிலும் இரத்தத்தில் குளுக்கோசு கூடுகிறது, காரணம்தான் வேறு. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையி இன்சுலினைச் சுரக்கிறது. சோறும் ரொட்டியும் குளுக்கோசாக மாறிய பின், அது உடற்கலங்களுக்குள் போக இந்த ஓமோன் வேண்டும். முதலாம் வகையில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, இன்சுலின் சுரக்கும் கலங்களையே அழித்துவிடுகிறது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரந்து சுரந்து, ஆண்டுகள் போகப் போகச் சதையி களைத்துவிடுகிறது.

முதலாம் வகை எந்த வயதிலும் வரலாம். ஆனாலும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும்தான் அதிகம் தொடங்குகிறது. சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்கும், நன்றாகச் சாப்பிட்டும் மெலியும், படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பி வரும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இனிப்புக் கொடுத்துக் கெடுத்ததாகத் தாயைக் குறை சொல்வது அநியாயம். இந்த நோய் இனிப்பால் வருவதில்லை.

1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதுவரை இந்த வகை வந்த பிள்ளைகள் பிழைப்பது அரிது. இன்றும் இவர்களுக்கு உயிர்காப்பது இன்சுலின் ஊசிதான். பாகற்காய்ச் சாறோ கறுவாத் தூளோ அதற்கு ஈடாகாது. யாரோ சொன்னார்கள் என்று ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம்.

நீரிழிவு உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருப்பது இரண்டாம் வகை. அது ஓசையில்லாமல் வளரும். 2005-06இல் இலங்கையில் நடந்த தேசிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நகரங்களில் அது 16.4 சதவீதம். நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் இந்த அறியாமைக் காலத்திலேயே கெடத் தொடங்கலாம்.

பரம்பரை, வயிற்றுப் பருமன், உடலுழைப்புக் குறைவு ஆகியவை இரண்டாம் வகைக்கு வழிவிடுகின்றன. உணவைக் கட்டுப்படுத்தி, நடந்து, மாத்திரை எடுத்தால் பலருக்குச் சீனி அடங்கும். சிலருக்குப் பின்னாளில் ஊசியும் தேவைப்படும். சீனி போட்ட பிளேன்டீ நாளுக்கு நாலு தடவை என்றால் அதுவும் கணக்கில் சேரும். கித்துள் பாணி இயற்கையானது என்று தாராளமாக ஊற்றிக்கொள்பவர்கள், அதுவும் சீனிதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சோதனை டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால் நீரிழிவாக இருக்கலாம்; மறுபடி சோதித்து உறுதிசெய்வார்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே சோதித்துக்கொள்ளலாம். நோய் என்று தெரிந்தால், தமக்கு எந்த வகை என்று வைத்தியரிடம் தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.