தோள்சீலையும் சமத்துவமும்

திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாயில்களின் வழியே சேவிக்கும் பாக்கியம் ஹிந்துக்கள் அனைவருக்கும் வாய்த்தது, சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12 அன்று வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரத்திற்குப் பிறகே. ஆயினும் திருவிதாங்கூரின் இத்தென்பகுதியில் சமத்துவ வழக்கு கோயில் வாசலில் தொடங்கியதன்று. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, கல்குளத்திலும் இரணியலிலும், பெண்களின் ஆடையை முன்னிட்டுத் தொடங்கிவிட்டது.

அக்காலத்தில் சாணார் என வழங்கப்பட்ட நாடார் குலப் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் இடுப்புக்கு மேல் ஆடை தரிக்கலாகாது என்பது தேசாசாரம். கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தவர்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டையை அணிந்துகொள்ள அரசாங்கமே அனுமதித்திருந்தது. ஆனால் அதன்மேல் நாயர் மாதரைப்போல் தோள்சீலையும் இட்டுக்கொண்டு அவர்கள் சந்தைக்கு வரத் தொடங்கியதும், நடுச்சந்தையில் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829-ல் ஓர் அரச விளம்பரம் தோள்சீலையைத் தடுத்தது. 1858-59-ல் கலகம் மறுபடி மூண்டு, ஜெபாலயங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாகி, சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெலியனும் நெருக்கியதன்பேரில், உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26 அன்று புதிய விளம்பரம் பிறப்பித்தார்.

அதை ஊன்றிப் படிக்கவேண்டும். சாணார் ஸ்திரீகள் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்களாகிய முக்குவத்திகளைப்போல் சுற்றிக்கொள்ளலாம், வேறெவ்விதமாகவும் மார்பை மறைக்கலாம். உயர்சாதி ஸ்திரீகளைப்போல் மட்டும் கூடாது! மறைப்பதில் ஆட்சேபமில்லை, ஒத்திருப்பதில்தான் ஆட்சேபம். 37 ஆண்டுகளுக்குப் பின், 1896-ல், கறுப்பருக்கு ரயிலில் தனிப் பெட்டி ஒதுக்குவது சமத்துவத்திற்கு விரோதமன்று என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்சநீதிமன்றமும் இதே யுக்தியைத்தான் கைக்கொண்டது. 1954-ல் பள்ளிக்கூட வழக்கிலேதான் அந்த நியாயத்தை அது கைவிட்டது.

சமத்துவம் என்பது பொருள்களைச் சரிபாதியாகப் பங்கிடுவதன்று, ஒருவரையொருவர் நிகராக மதித்து வாழும் உறவே என்று தத்துவ அறிஞர் எலிசபெத் ஆண்டர்சன் 1999-ல் வாதித்தார். சமுதாய ஒப்பந்தம் என்று மேனாட்டார் போற்றியது உண்மையில் வெள்ளையர் தமக்குள் செய்துகொண்ட இன ஒப்பந்தமே என்று, ஜமைக்காவில் வளர்ந்த தத்துவ அறிஞர் சார்லஸ் மில்ஸ் 1997-ல் எழுதினார். இவ்விருவரும் சொன்னதை மெய்ப்பிக்க அந்த 1859-ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்றே போதும் என்பேன்.

ஆனால் இரணியல் சந்தையில் கிழித்தவரும் கிழிக்கப்பட்டவரும் தோல் நிறத்தால் வேறுபட்டவர் அல்லர். சாதி இனவேற்றுமையில் பிறந்ததன்று என்று அம்பேத்கர் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்த அதே 1936-ல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் தீர்க்கமாக மறுத்திருக்கிறார். 2001-ல் டர்பனில் கூடிய இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில் இந்திய அரசாங்கம் சாதியை இனவெறிப் பட்டியலில் சேர்க்கலாகாது என்று வாதிட்டபோது இக்கருத்து அதற்கு அனுகூலமாகவே தோன்றியிருக்கும். ஆயினும் மறு ஆண்டே ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சத்தைக் காரணமாக்கிச் செய்யும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று அறிவித்தது. அம்பேத்கர் மறுத்தது சாதியின் மூலத்தைப் பற்றிய கொள்கையை. அதன் கொடுமையை அன்று.