ஜிக்ஸா வாங்கப் போறீங்களா? வாட்ஸை விட்டுட்டு பிளேடைப் பாருங்க!

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் புளியங்குடி என்றாலே எலுமிச்சைதான் நினைவுக்கு வரும். ஆனால், அங்கிருந்து கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை சாலையோரமாகவே பார்த்துக்கொண்டு போனால், இது மரத்துக்கும் பேர் போன வட்டாரம் என்பது புரியும். கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் மரக்கடைகளும் அறுவை மில்களும் ஏராளம். நல்ல பலகைக்கு இங்கே பஞ்சமில்லை. சின்ன வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஒரு செருப்பு ஸ்டாண்டு, பூஜை அலமாரிக்கு ஒரு வளைவு, சமையலறை பலகையில் ஒயர் நுழைய ஒரு துளை. இதற்காக ஆசாரியைக் கூப்பிட்டால், பெரிய வேலைகளுக்கு நடுவே அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. 'நாமே செய்து பார்க்கலாமே' என்று இறங்குபவர்கள் பலர், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிள் கிரைண்டரிலோ மார்பிள் கட்டரிலோ மரம் அறுக்கும் வட்ட பிளேடை மாட்டிவிடுகிறார்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பல்லாயிரம் சுற்றில் சுழலும் அந்த பிளேடு மரத்தில் சிக்கினால், மிஷின் கையை விட்டு எகிறும். விரல் போவதற்கு ஒரு நொடி போதும்.

வீட்டு வேலைக்கு, அதிலும் முதன்முறையாக மரம் அறுப்பவர்களுக்கு, அதைவிடப் பொருத்தமான கருவி ஜிக்ஸா. விலையும் கைக்கு அடக்கம்தான். ஆனால், கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

தையல் மிஷினில் பிறந்த கருவி

ஜிக்ஸாவின் பிறப்பிடம் ஒரு தையல் மிஷின். சுவிட்சர்லாந்தின் சிண்டில்லா நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்பர்ட் காஃப்மன், 1946-ல் தன் மனைவியின் தையல் மிஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு, ரம்ப பிளேடைப் பொருத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டே அது 'லெஸ்டோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிற்பாடு அந்த நிறுவனம் பாஷ் வசமானது.

இன்றைக்கும் இயக்கம் அதேதான். ஊசியைப் போலவே பிளேடு மேலும் கீழுமாகப் போய்வரும், சுற்றாது. அதனால், வட்ட பிளேடைப் போல மிஷினைத் தூக்கி எறியும் வேகம் இதில் கிடையாது. பிளேடு ஒல்லியாக இருப்பதால் வளைத்து வளைத்து அறுக்கலாம். பலகையின் நடுவில் துளை போட்டு, அதற்குள் பிளேடை நுழைத்து சதுரமோ வட்டமோ வெட்டியெடுக்கலாம்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

'எத்தனை வாட்ஸ்?' என்பதுதான் கடையில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி. மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத்தான் வாட்ஸ் சொல்கிறது. எவ்வளவு சுத்தமாக அறுக்கும் என்பதைச் சொல்வதில்லை. பிளைவுட், பலகை என்று வீட்டு வேலை பார்க்க 400 முதல் 600 வாட்ஸ் தாராளம்.

'65 மி.மீ. வரை மரம் அறுக்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பது, அந்த மிஷினால் முடிந்த அதிகபட்ச ஆழம். அவ்வளவு தடிமனான மரத்தில் ஒல்லி பிளேடு வளைந்துகொள்ளும். மேலே நேராகத் தெரியும் வெட்டு, கீழே கோணலாகப் போயிருக்கும். வீட்டில் நாம் அதிகம் புழங்கும் 12 மி.மீ., 18 மி.மீ. பிளைவுட்டுக்கும் ஒரு அங்குலப் பலகைக்கும் இந்தத் தொல்லை குறைவு.

கட்டாயம் பார்க்க வேண்டியவை

*வேகக் கட்டுப்பாடு:* மரத்துக்கு வேகம் வேண்டும். தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிதானம் வேண்டும். வேகமாக அறுத்தால் பிளாஸ்டிக் உருகி பிளேடில் ஒட்டிக்கொள்ளும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத மிஷின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

*டி-ஷாங்க் பிளேடு:* பிளேடின் தலைப்பகுதி ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருந்தால் அது டி-ஷாங்க். இன்று பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றும் அமைப்பு இதுதான் என்பதால், எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் பிளேடு கிடைக்கும். ஸ்க்ரூ வைத்து முடுக்கும் பழைய மாடலைவிட, கையாலேயே பிளேடை மாற்றும் மாடல் வசதி.

*அடித்தட்டு:* மிஷின் பலகை மேல் உட்கார்ந்து நகரும் தட்டு இது. மெல்லிய தகரமாக இருந்தால், ஒருமுறை கீழே விழுந்தாலே வளைந்துவிடும். தட்டு வளைந்தால் வெட்டும் கோணும். உறுதியான தட்டாகவும், 45 டிகிரி வரை சாய்த்து வைக்கக்கூடியதாகவும் பாருங்கள்.

*பிளேடைத் தாங்கும் உருளை:* பிளேடுக்குப் பின்னால் ஒரு சின்ன உருளை இருக்கும். பிளேடு பின்னுக்குச் சாயாமல் தாங்குவது அதன் வேலை. கடையிலேயே ஒரு பிளேடை மாட்டச் சொல்லி, அது உருளையைத் தொட்டு நிற்கிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். மூலைமட்டம் இருந்தால், பிளேடு தட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் சரிபார்க்கலாம்.

*பெண்டுலம் வசதி:* பிளேடை மேலும் கீழும் மட்டுமல்லாமல், கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டும் வசதி இது. தடித்த மரம் சீக்கிரம் அறுபடும். ஆனால், ஓரம் பிசிறு தட்டும். பிளைவுட்டை அறுக்கும்போது பூஜ்ஜியத்தில் வைக்க வேண்டும். இருந்தால் நல்லது, முதல் மிஷினுக்கு இது கட்டாயமில்லை.

பட்ஜெட்டைப் பிரிப்பது எப்படி?

வீட்டு உபயோகத்துக்கான ஒயர் வைத்த ஜிக்ஸாக்கள் சுமார் 2,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பேட்டரியில் ஓடுபவை, பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்தால் பல மடங்கு ஆகிவிடும். எப்போதாவது வேலை செய்பவர்களுக்கு ஒயர் வைத்ததே போதும்.

முழுப் பணத்தையும் மிஷினிலேயே போட்டுவிடாமல், நல்ல பிளேடுகளுக்கு சில நூறு ரூபாய் ஒதுக்குங்கள். சுமாரான மிஷினில் நல்ல பிளேடு மாட்டினால் வேலை ஒழுங்காக நடக்கும். விலை உயர்ந்த மிஷினில் மழுங்கிய பிளேடு மாட்டினால் மரம் கருகும், மிஷின் சூடேறும். அழுத்தித் தள்ளும்போதுதான் கை நழுவும்.

பிளேடில் இருக்கும் எண்ணைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. டி144டி என்பது பெரிய பற்கள் கொண்டது. மரத்தை வேகமாக அறுக்கும், ஓரம் சொரசொரப்பாக இருக்கும். டி101பி சுத்தமான வெட்டுக்கு. டி119பிஓ வளைவுகளுக்கு. டி118ஏ இரும்புத் தகடுக்கு. மரத்துக்கான மூன்று வகையும் கையில் இருந்தால் போதும். தகடு அறுக்கும் தேவை வரும்போது நான்காவதை வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா? நெல்லையிலோ மதுரையிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குவதும் முக்கியம். இதற்கெல்லாம் பதில் இல்லாத மிஷின், 500 ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் லாபமில்லை.

ஜிக்ஸா செய்யாத வேலை

எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டை நீளவாக்கில் நேராகக் கிழிப்பதற்கு ஜிக்ஸா சரிப்படாது. பிளைவுட் வாங்கும் கடையிலேயே அளவு கொடுத்து வெட்டித் தரச் சொல்லலாம். கட்டையாக இருந்தால் அறுவை மில்லில் கொடுத்துவிடலாம். வளைவு, துளை, மூலை வெட்டு மட்டும் வீட்டில் ஜிக்ஸாவில் செய்துகொள்ளலாம். இப்படிப் பிரித்துக்கொண்டால் குறைந்த விலை மிஷினே பல வருடம் உழைக்கும்.

வாழ்நாளில் ஒரே ஒரு அலமாரிதான் செய்யப்போகிறீர்கள் என்றால், மிஷினே வேண்டாம். அந்தப் பணத்தை ஆசாரிக்குக் கூலியாகக் கொடுத்தால் வேலையும் நேர்த்தியாக முடியும்.

பிசிறு இல்லாமல் அறுக்க...

சாதாரண ஜிக்ஸா பிளேடு மேலே ஏறும்போதுதான் மரத்தை அறுக்கும். அதனால், பலகையின் மேல்பக்கம்தான் பிசிறு கிளம்பும். பளபளப்பான மைக்கா பக்கத்தைக் கீழே வைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு அறுத்தால் நல்ல பக்கம் தப்பிக்கும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினாலும் பிசிறு குறையும். மிஷினைத் தள்ளாமல், அது போகிற வேகத்துக்குக் கையை விடுங்கள்.

விரல் முக்கியம்

* அறுக்கும் பலகையை கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்குங்கள். ஒரு கையால் பலகையைப் பிடித்து, மறு கையால் அறுப்பது கூடாது. பலகைக்கு அடியில் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறந்து, கீழே கை வைத்தால் காயம் நிச்சயம்.

* பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். அறுத்து முடித்த பிளேடு சுடும் என்பதால் உடனே தொட வேண்டாம்.

* பிளேடு முழுதாக நின்ற பிறகே மிஷினைத் தூக்குங்கள். ஒயர் எப்போதும் மிஷினுக்குப் பின்னால் இருக்கட்டும்.

* தொங்கும் துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த கூந்தல், லூசான கையுறை எதுவும் வேண்டாம். கண்ணாடி அணியுங்கள்.

* மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் அறுங்கள். அடைத்த அறையில், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.

* வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில், ஈரத் தரையில் நின்று மிஷின் ஓட்டவே கூடாது.

சாரல் காலத்து ஈரத்தில் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தூளைத் தட்டிவிட்டு, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் விட்டு பிளேடைத் துடைத்து வையுங்கள். மிஷினைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பிளேடைக் கழற்றிய பிறகே எடுத்து வைக்க வேண்டும்.

முதல் நாளே புது பிளைவுட்டில் கை வைக்க வேண்டாம். மரக்கடையில் கிடைக்கும் துண்டுப் பலகை நாலைந்து வாங்கி, பென்சிலால் நேர்கோடு, வளைவு, வட்டம் என்று வரைந்து அறுத்துப் பழகுங்கள். வட்டம் வட்டமாகவே வர ஆரம்பித்துவிட்டால், செருப்பு ஸ்டாண்டைத் தொடங்கிவிடலாம்.