வட்டு எறிதல்: தூரம் காலில் தொடங்குகிறது

குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி வட்டு எறிந்தாள். மூன்று வாய்ப்புகளிலும் வட்டு வலப்புற எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தது. "எனக்குக் கையில வலு இல்ல சார், அடுத்த வருஷம் வேற யாரையாவது சேர்த்துக்கங்க" என்றாள். 'கையை வேகமாக வீசு' என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் அதைத்தான் செய்திருந்தாள்.

மாணவியர் எறியும் வட்டின் எடை 1 கிலோ. எறியும் வட்டத்தின் விட்டம் 2.5 மீட்டர். வட்டு விழ வேண்டிய பரப்பின் கோணம் 34.92 பாகை. அதற்கு வெளியே எவ்வளவு தூரம் போனாலும் கணக்கில் வராது.

தூரம், திசை இரண்டுக்கும் அடிப்படை உடல் இயங்கும் வரிசைதான்: முதலில் கால், பிறகு இடுப்பு, மார்பு, கடைசியில் கை. கை முந்திக்கொண்டால் காலின் விசை வட்டுக்குப் போய்ச் சேராது. வலக்கையால் எறிபவர் வட்டை முன்கூட்டியே விட்டால் அது வலப்புறம் போகும். தாமதமாக விட்டால் இடப்புறம் போகும். எங்கள் மாணவியின் பிழை இதுவே. அவளுக்கு மீண்டும் முதலிலிருந்து கற்பித்தேன்.

1. பிடி: விரல்களைச் சற்று விரித்து, நான்கு விரல்களின் நுனிக் கணுக்களில் வட்டின் விளிம்பு அமர வேண்டும். கட்டைவிரல் வட்டின் மேல் படிந்திருந்தால் போதும், இறுக்க வேண்டியதில்லை.

2. உருட்டல்: தரையில் போட்ட கோட்டின் மீது வட்டை நேராக உருட்டச் சொல்லுங்கள். கடைசியாக ஆள்காட்டி விரலிலிருந்து விடுபட வேண்டும். அப்போதுதான் வட்டு சுழலும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் வட்டு காற்றில் தடுமாறாது.

3. நின்று எறிதல்: இடத்தோள் எறியும் திசையை நோக்கியிருக்க, எடையை மடங்கிய வலக்காலில் தாங்கி, வட்டைப் பின்னே கொண்டு செல்ல வேண்டும். வலக்குதிகாலை வெளிப்புறம் திருப்பி இடுப்பை முன்னே கொண்டுவர வேண்டும். இடக்கால் உறுதியாக ஊன்றியிருக்க, கை நீண்ட நிலையில் தோள் உயரத்தில் வட்டு விடுபட வேண்டும். இது நன்றாகப் பழகிய பிறகே சுழன்று எறியக் கற்பிக்கலாம்.

வட்டை மிக உயரமாக எறிந்தால் தூரம் குறையும். ஏறத்தாழ 35 முதல் 40 பாகை பொருத்தமானது. மிதமான எதிர்க்காற்று வட்டுக்கு உதவும் என்பதை அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. மற்ற மாணவர்கள் எறிபவருக்குப் பின்னால், வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டும். விசில் ஊதிய பிறகே வட்டை எடுக்கச் செல்ல வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் வட்டுக்குப் பதிலாக ரப்பர் வளையத்தைக் கொண்டு இதே வரிசையைப் பழக்கலாம்.

கை வீச்சைப் பற்றிப் பேசாமல், நாள்தோறும் அவளது வலக்காலை மட்டும் கவனித்தேன். அடுத்த ஆண்டுப் போட்டியில் மூன்றில் இரண்டு எறிதல்கள் பரப்புக்குள் விழுந்தன. பரிசு கிடைக்கவில்லை. மறுநாள் மாலை மைதானத்துக்குப் போனபோது, வட்டோடு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.