கழுத்து வலியா? முதலில் சட்டைப் பட்டனைப் போடுங்கள்!

'டாக்டர், கழுத்துல ஒரே பிடிப்பு. நல்ல தைலமாக் கொடுங்க' என்று வருகிறவர்களை, தைலத்தை எடுப்பதற்கு முன் சட்டைப் பட்டனைக் கழற்றி மறுபடி போடச் சொல்வேன். பிறகு, அடிமேல் அடி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்வேன். 'மருந்து கேட்டா நடக்கச் சொல்றாரே!' என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. காரணம் இருக்கிறது.

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான். நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். கை, கால், சிறுநீர், மலம் எல்லாவற்றுக்கும் கட்டளை போவது இதன் வழியாகத்தான். இதைச் சுற்றி இருப்பதோ எலும்புக் குழாய், விரிந்து கொடுக்காது. உள்ளே வேறு எது இடம் பிடித்தாலும் தண்டுவடம்தான் நசுங்கும்.

வயதாகும்போது கழுத்தெலும்பில் வளரும் முள், பிதுங்கிய ஜவ்வு, விபத்தில் நொறுங்கிய எலும்பு இவை தெரிந்த காரணங்கள். நம் நாட்டில் டி.பி.யையும் மறக்கக்கூடாது. டி.பி. என்றாலே இருமல் என்று நினைக்கிறோம். இருமலே இல்லாமல் முதுகெலும்பைப் பிடிக்கும் டி.பி.யும் உண்டு. விடாத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் சந்தேகப்படுங்கள். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகுவலி வந்தால், அதைச் சாதாரண வலியாக நினைக்கவே கூடாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நசுக்கம் வலியே இல்லாமலும் வரும். செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாது. கோலப்பொடி விரலில் நிற்காது. நடை தள்ளாடும். குனிந்தால் முதுகில் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். வீட்டில் என்ன சொல்கிறோம்? 'வயசாயிடுச்சு, சுகர் வேற இருக்கு!'

கால்கள் வலுவிழந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றிரவே போய்விடுங்கள்.

'சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?' என்று கேட்பீர்கள். வாத நோய் 80 என்றும், தொக்கணம் 9 வகை என்றும் படித்தவன்தான் நான். ஆனால் நசுங்கிய தண்டுவடத்துக்கு அழுத்தத்தை நீக்குவதே வைத்தியம். தைலம் எலும்பைத் தாண்டி உள்ளே போகாது. கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

முள்ளோ ஜவ்வோ அழுத்தினால், பாதிப்பு லேசாக இருக்கும்வரை கண்காணிக்கலாம், கூடினால் ஆபரேஷன். டி.பி.க்கு மாத்திரையே பிரதானம், பெரும்பாலும் ஓராண்டுக்குக் குறையாமல். சிலருக்கு அறுவையும் தேவைப்படும். புற்றுநோய்க் கட்டி என்றால் வீக்கம் குறைய ஸ்டீராய்டு, கூடவே கதிர்வீச்சு அல்லது அறுவை.

'முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்' என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. நடந்து வருகிறபோதே சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் விழுந்து பல நாள் கழித்து வருகிறவர்களுக்குத்தான் முழுதாக மீள்வது கஷ்டம்.

தையல் ஆறி, ஆபரேஷன் செய்த டாக்டரும் சம்மதித்த பிறகு, கை கால்களில் இதமாக எண்ணெய் தடவலாம். கழுத்திலும் முதுகிலும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.