ஒரே ஒரு கப்பல்



காலையில ஒரு நிமிஷம் லேட்டாகி பஸ்ஸை விட்டிருக்கீங்களா? "அதைப் பிடிச்சிருந்தா இன்னைக்கு எப்படிப் போயிருக்கும்?" என்று யோசித்திருப்பீர்கள். நடந்தது ஒரு கோடு. நடந்திருக்கக்கூடியது இன்னொரு கோடு. இங்கிலீஷ் 'ஒய்' எழுத்து மாதிரி இரண்டும் ஓரிடத்தில் பிரிகின்றன. நடக்காத அந்தக் கோட்டுக்கு அறிவியல் கதைகளில் 'மாற்றுக் காலக்கோடு' என்று பெயர்.

இதை வைத்து எடுத்த ஒரு டி.வி. கதையை மாமா வீட்டில் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்க.

தொடரின் பெயர் 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. 1987 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. நான் பார்த்தது 1990 பிப்ரவரியில் வந்த 'எஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்', அதாவது 'நேற்றைய என்டர்பிரைஸ்'. தொடரின் ரசிகர் ஒருவர் தானாக எழுதி அனுப்பிய கதையும் இதற்கு ஒரு அடிப்படை. எழுத ஆசை உள்ளவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க!

என்டர்பிரைஸ் ஒரு விண்வெளிக் கப்பல். கேப்டன் பெயர் பிக்கார்ட். சண்டை போடுவதற்காகக் கட்டிய கப்பல் இல்லை, ஆராய்ச்சிக் கப்பல். அதில் குடும்பங்களும் குழந்தைகளும்கூட இருக்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப், 'கிளிங்கான்' என்ற போர்வீர இனத்தைச் சேர்ந்தவர். அந்த இனம் இப்போது மனிதர்களுக்கு நட்பு.

திடீரென்று விண்வெளியில் ஒரு பிளவு. அதற்குள்ளிருந்து அடிபட்ட பழைய கப்பல் ஒன்று வெளியே வருகிறது. அதே வினாடியில் எல்லாம் மாறிவிடுகிறது! விளக்குகள் மங்குகின்றன. எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி. குழந்தைகளைக் காணோம். இப்போது அது 6000 வீரர்களை ஏற்றக்கூடிய போர்க்கப்பல். வோர்ஃப் நின்ற இடத்தில் டாஷா யார் என்ற பெண் அதிகாரி நிற்கிறார். அவர் 1988-இல் வந்த கதையிலேயே இறந்துபோனவர்! ஆனால் அங்கே ஒருத்தருக்கும் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு எப்போதும் இதுதான் உலகம்.

காரணம் என்ன? வந்தது 22 வருடங்களுக்கு முந்தைய இன்னொரு என்டர்பிரைஸ். 'நரேந்திரா 3' என்ற இடத்தில் கிளிங்கான் மக்களை எதிரிகள் தாக்குகிறார்கள். (பெயர் நம்ம ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கு, இல்ல?) உதவி கேட்டதும் இந்தக் கப்பல் போய் நான்கு எதிரிக் கப்பல்களோடு தனியாகச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில்தான் பிளவு திறந்து, கப்பல் எதிர்காலத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கேயே நின்று அழிந்திருந்தால், "நமக்காக உயிரைக் கொடுத்தார்களே" என்று கிளிங்கான்கள் மதித்திருப்பார்கள். நட்பு வளர்ந்திருக்கும். கப்பல் பாதியில் மறைந்ததால் அந்த நட்பு உருவாகவே இல்லை. 20 வருடத்துக்கு மேல் போர். 4000 கோடிப் பேர் பலி. இன்னும் ஆறே மாதத்தில் மனிதர்கள் சரணடைய வேண்டிய நிலை.

இதெல்லாம் தப்பு என்று ஒரே ஒருத்தருக்குத்தான் தோன்றுகிறது. கப்பலில் எல்லோருக்கும் பானம் எடுத்துக் கொடுக்கும் கைனன் என்ற பெண்மணி. அவரிடம் ஆதாரம் கிடையாது, உள்ளுணர்வு மட்டும்தான். "அந்தக் கப்பல் திரும்பிப் போகணும்" என்கிறார். போனால் உள்ளே இருப்பவர்களுக்குச் சாவு நிச்சயம்.

இங்கேதான் நானும் என் தோழியும் சண்டை போட்டோம். "ஒருத்தங்க மனசுல தோணுதுன்னு அத்தனை பேரைச் சாக அனுப்புவாங்களா? இது என்னடி நியாயம்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது.

பிக்கார்ட் உண்மையை மறைக்கவில்லை. பழைய கப்பலின் கேப்டன் ரேச்சல் காரெட்டைத் தனியே அழைத்து, நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறார். இங்கே ஒரு கப்பல் கூடுவதால் எதுவும் மாறாது, 22 வருடத்துக்கு முன்னால் அதே ஒரு கப்பல் போரையே நிறுத்தியிருக்கலாம் என்று விளக்குகிறார். எல்லாம் தெரிந்தபிறகுதான் காரெட் சம்மதிக்கிறார்.

டாஷாவும் அப்படித்தான். இன்னொரு காலக்கோட்டில் தான் அர்த்தமே இல்லாமல் செத்துப்போனது கைனன் மூலம் தெரியவருகிறது. உடனே, தன்னையும் பழைய கப்பலில் அனுப்பும்படி பிக்கார்டிடம் கேட்கிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஏமாற்றி அனுப்பியிருந்தால் என் தோழி சொன்னதுதான் சரி. தெரிந்தே போனார்கள் என்பதால்தான் அது தியாகம்.

காரெட் இடையில் ஒரு தாக்குதலில் இறந்துவிடுகிறார். ஆனாலும் கப்பல் திரும்புகிறது. அது பிளவுக்குள் நுழையும்வரை பிக்கார்டின் கப்பல் தீப்பிடித்து எரிந்துகொண்டே காவல் நிற்கிறது. சட்டென்று பழையபடி வெளிச்சம். வோர்ஃப் அவர் இடத்தில். என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. நன்றி சொல்லக்கூட ஆள் இல்லை!

கடைசியில் கைனன் ஒரு நண்பரிடம், டாஷா யாரைப் பற்றிச் சொல்லுங்களேன் என்று கேட்கிறார். அவர்கள் இருவரும் இந்தக் காலக்கோட்டில் சந்தித்ததே இல்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடந்த காலத்துக்குப் போக முடியும் என்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. அதனால் நம்மால் நேற்றைத் திருத்த முடியாது. ஆனால் நாளைக்கு வரப்போகும் கோடு இன்றைக்கு நம்ம கையில்தானே இருக்கு? நான் ஒருத்தி செய்து என்ன ஆகப்போகுது என்று இனிமேல் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நீங்க அந்தக் கப்பலில் இருந்தா திரும்பிப் போவீங்களா? ஒரு துண்டுத்தாளில் எழுதி இந்தப் பலகையில் குத்தி வையுங்கள். என் தோழியின் பதில் ஏற்கனவே இருக்கு, "மாட்டேன்" என்று!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி