புழுக்கம்: வெப்பமானி காட்டாத வெப்பம்

பங்குனி, சித்திரை மாதங்களில் கொழும்புத் தமிழர் வாயில் ஓயாது வழங்கும் ‘புழுக்கம்’ என்ற சொல், வெயிலுக்கோ வெக்கைக்கோ மறுபெயர் அன்று; வெப்பமும் ஈரமும் ஒன்றுகூட, காற்று அசையாது நிற்கும் நிலையையே அது குறிக்கிறது. அதனால்தான் வெயில் தலைகாட்டாத மப்பு நாளிலும், நள்ளிரவிலும்கூடப் புழுங்குகிறது.

இச்சொல்லின் வேர் அடுக்களையில் உள்ளது. புழுங்குதல் என்பது ஈரச் சூட்டில் மெல்ல வேகுதல் ஆகும். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குற்றினால் கிடைப்பது புழுங்கலரிசி. பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல் என்றும், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்றும் யாழ்ப்பாணத்தார் பிரித்துச் சொல்வர். பொருநராற்றுப்படையிலும் வெந்த இறைச்சிக்குப் ‘புழுக்கு’ என்றே பெயர். ஆகவே வெயில் சுடுகிறது, புழுக்கம் அவிக்கிறது. வெளியேற வழியின்றி நெஞ்சுக்குள் அடங்கிய ஆற்றாமையை மனப்புழுக்கம் என்பதும் இதே பொருள் நுட்பத்தால்தான். வெப்பம் வெளியேற முடியாமையே இச்சொல்லின் உயிர்.

உடலில் நிகழ்வதும் அதுவே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து கவர்ந்து செல்கிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால், அதாவது ஈரப்பதன் மிகுந்திருந்தால், வியர்வை ஆவியாகாமல் வெறுமனே வழிகிறது, உடலும் குளிர்வதில்லை. வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து, உடல் உணரும் வெப்பத்தைக் கணிக்கும் அளவே வெப்பச் சுட்டெண் எனப்படுகிறது. நிழலில் 32 பாகை செல்சியஸும் 70 சதவீத ஈரப்பதனும் இருந்தால் அது ஏறக்குறைய 41 பாகையாக உணரப்படும்.

தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் வலுப்பெறும் முன், மார்ச், ஏப்ரல் மாதங்கள் காற்று நலிந்த இடைப்பருவமாக அமைவதும், ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருவதும், அருகிலுள்ள கடல் ஓயாது ஈரத்தை வழங்குவதும் கொழும்பின் புழுக்கத்துக்குக் காரணங்களாகும். கடற்காற்று பகலில் ஓரளவு ஆறுதல் தந்தாலும், வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளிலும் பகலெல்லாம் சூட்டை உறிஞ்சிய சுவர்கள் இரவில் அதை விடுவிக்க, மேகமூட்டமோ அந்த வெப்பத்தை மேலே போகவிடாது தடுக்கிறது. புழுங்கினால் மழை வரும் என்ற மூத்தோர் கணிப்பும் பொருளற்றதன்று. தரையருகே தேங்கிய அந்த ஈரக் காற்று சூடேறி மேலெழுந்தே இடைப்பருவத்தின் பிற்பகல் இடிமழையைத் தருகிறது.

வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்டு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. அவற்றின் தமிழ் வடிவத்தில் அந்தக் கலைச்சொல்லின் அருகே ‘புழுக்கம்’ என்ற சொல்லையும் இட்டால், தனித்திருக்கும் முதியவருக்கும் வெளியில் வேலை செய்யும் தொழிலாளிக்கும் ஆபத்தின் தன்மை உடனே விளங்கும். அத்தகைய நாட்களில், வெப்பமானி 32 என்றுதானே காட்டுகிறது என்று எவரும் அமைதியடைந்துவிடாமல், நீர் அருந்தி, நிழலில் ஓய்ந்து, பக்கத்து வீட்டு முதியவரையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.